480 நாள்: தமிழ்நாட்டு நிரந்தரத் தகுதிச் சட்டமும் வேலையளிப்போர் கடமைகளும்

ஆய்வுச்சுருக்கம்

தொழிலாளரைத் தற்காலிகராகவே வைத்திருக்கும் வழக்கத்திற்கு வரம்பு கட்ட 1981இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் விதித்த கடமைகளையும், வேலையளிப்போர் அவற்றில் தவறும் இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிரந்தரத் தகுதி, தொடர்பணி, ஆட்குறைப்பு, பதிவேடு, விருத்தாசலம்.

முன்னுரை

1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம், பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் பணியாற்றியவரை ஓராண்டுத் தொடர்பணி உடையவராகக் கொண்டது. அத்தகையவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகவும் வழங்க வேண்டும். இது வேலை நீக்கத்தை நெறிப்படுத்தியதே அன்றி, வேலையை நிரந்தரமாக்கவில்லை. இந்த இடைவெளியையே 1981ஆம் ஆண்டின் 46ஆம் சட்டம் நிரப்ப முனைந்தது.

சட்டத்தின் உள்ளடக்கம்

இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள் தொடர்பணி முடித்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்பது இதன் மையவிதி. பருவகாலத் தொழில்கள் நீங்கலாக, ஐம்பது பேருக்குக் குறையாத தொழிலகங்களுக்கு இது பொருந்தும். நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தம் ஆகியவற்றால் நேரும் இடைவெளி தொடர்பணியை முறிக்காது. சட்டத்தின் செல்லுபடித்தன்மையை 1985இல் மெட்டல் பவுடர் நிறுவன வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும், 1990இல் நெல்லை காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றன.

தவறும் இடங்கள்

முதலாவது, செயற்கை இடைவெளி. எண்ணிக்கை நிறைவதற்குமுன் தொழிலாளியை நிறுத்திவிட்டு மீண்டும் சேர்ப்பது பழைய உத்தி. மூன்று மாதத்திற்கு மேற்படாமல் ஒருவரை விலக்கி, அவரிடத்தில் மாற்றாளை அமர்த்தினால் தொடர்பணி முறியாது எனச் சட்டமே இதனை எதிர்கொண்டது. தொழிலாளரின் உரிமையை மறுக்கும் நோக்கில் அவரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகராக வைப்பது நேர்மையற்ற தொழில் நடவடிக்கை எனத் தொழிற்தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையும் வரையறுத்தது.

இரண்டாவது, பதிவேடு. 240 நாள் பணியை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயின் வருகைப்பதிவும் ஊதியப்பதிவும் முதலாளியிடமே இருக்கின்றன. தினக்கூலியிடம் நியமன ஆணைகூட இருப்பதில்லை. எனவேதான் தொழிலாளர் பட்டியலைப் பேணுவதையும், அதில் பெயர் விடுபட்டவர் ஆய்வாளரிடம் முறையிடுவதையும் 1981ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன. பட்டியலைப் பேணாமை எழுத்துப் பிழையன்று. உரிமையின் சான்றையே அழிப்பதாகும்.

மூன்றாவது, எண்ணிக்கை வரம்பைத் தவறாகப் புரிந்துகொள்ளல். கருவேப்பிலங்குறிச்சியை அடுத்த விருத்தாசலத்தில் உள்ளவை போன்ற சிறு பீங்கான் கூடங்களில் ஐம்பது பேருக்குக் குறைவானோர் பணிபுரிந்தால் 1981ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. அதனால் கடமையே இல்லை என்று கருதுவது பிழை. மின்விசை கொண்டு இயங்கும் கூடத்தில் பத்துப் பேர் இருந்தாலே 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பொருந்தியது. ஆட்குறைப்புக்கான முன்னறிவிப்பும் இழப்பீடும் ஐம்பது என்ற வரம்புக்குக் கட்டுப்படவில்லை.

முடிவுரை

480 என்ற எண் தொழிலாளருக்கு உறுதியான அளவுகோலைத் தந்தது. அதே எண் அதனைத் தவிர்க்க நினைப்போருக்கும் எல்லையைக் காட்டியது. ஆகவே இச்சட்டத்தின் வலிமை மையவிதியில் மட்டும் அடங்கவில்லை. இடைவெளி பற்றிய விளக்கத்திலும் பதிவேட்டிலுமே அது பெரிதும் தங்கியுள்ளது. பெயர் பதியப்படாத தொழிலாளிக்கு நாள்கள் கழிகின்றன, பணிக்காலம் சேர்வதில்லை. தமிழகத் தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் வேலைநிறுத்தங்களோடு வருகைப்பதிவேடுகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் முடிவாகும்.