சிறு ஜோடி (போக்கர்)

போக்கரின் 'டெக்சாஸ் ஹோல்டம்' வகையில், ஆட்டக்காரருக்கு முதலில் வரும் இரு கைச்சீட்டுகளும் 2 முதல் 6 வரையிலான ஒரே எண்ணாக அமைவது. ஏதேனும் ஒரு ஜோடி கிடைக்கும் வாய்ப்பு 17இல் 1. குறிப்பிட்ட ஒரு ஜோடிக்கு 221இல் 1.

ஆடும் முறை: சிறு ஜோடியின் வலிமை, அதே எண்ணின் மூன்றாம் சீட்டு சேர்வதில் உள்ளது. நடுவில் விரிக்கப்படும் முதல் மூன்று பொதுச்சீட்டுகளில் அது வர ஏறத்தாழ 11.8 விழுக்காடு வாய்ப்பே உண்டு. அதாவது எட்டரை முறைக்கு ஒருமுறை. எனவே கட்டும் தொகையைப் போல் 15 முதல் 20 மடங்காவது தம்மிடமும் எதிராளியிடமும் மீதமிருந்தால்தான் தொடர்வது தகும் என்பது பொதுவிதி. மூன்றாம் சீட்டு வராமல், எதிராளி பந்தயம் கட்டினால் பெரும்பாலும் சீட்டைக் கவிழ்ப்பதே சரி. கடைசியாக ஆடும் இடத்தில் அமர்ந்தவருக்கு முடிவு எளிது. கையிருப்பு குறைந்தவர் முழுவதையும் கட்டினால், ஏஸ்–ராஜாவுக்கு எதிரே வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. பெரிய ஜோடிக்கு எதிரே ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே.

சட்டநிலை: தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச்சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு சார்ந்த விளையாட்டுகளாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்று, அப்பட்டியலை மட்டும் நீக்கியது. இரண்டும் திறன் விளையாட்டுகள் என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறனா வாய்ப்பா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் இந்தியா முழுவதும் தடைசெய்கிறது.