குளத்து வண்டலும் துருவப் பனியும்

கிறீன்லாந்தின் உட்பகுதியில் விழும் பனி, உருகாது ஆண்டுக்கு ஒரு படையாகப் படிந்து, அவ்வவ்வாண்டு ஆகாயத்தில் மிதந்த உலோகத் தூசியையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. இதனை ஆதாரமாகக் கொண்டு, முறோசுமி, சௌ, பாற்றர்சன் என்னும் மூவர், கி.மு. 800 அளவிலான பனியைவிட 1965ஆம் ஆண்டுப் பனியில் ஈயம் ஏறக்குறைய 200 மடங்கு மிகுந்திருந்ததென 1969இல் வெளியிட்டனர். பெற்றோலில் ஈயச் சேர்மானம் குறைந்த பின்னர் பனியிலுள்ள ஈயத்தின் அளவு ஏழரை மடங்கு வீழ்ந்ததைப் பூத்ரோன் குழுவினர் 1991இல் நிரூபித்தனர்.

பனியே காணாத வன்னி நிலத்திற்கு இவ்வாராய்ச்சியால் ஆவதென்ன? வாடைக்காற்று வீசும் மாதங்களில் உபகண்டத்தின் புகை நம் தலைக்கு மேலே வருகிறதென்பதில் சந்தேகமில்லை. 1999ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் வீரபத்திரன் இராமநாதன் முதலானோர் இந்துசமுத்திரத்தின்மேல் கண்ட கபிலப் புகைப்படலமும், 2022 டிசம்பரில் நம் பாடசாலைகளை ஒரு நாள் மூடவைத்த மாசுமூட்டமும் அதற்குச் சாட்சி. அப்புகையிலிருந்து விழுந்த உலோகம் நம்மிடத்தில் எங்கே தங்கியிருத்தல் கூடும் என்று வினவினால், குளங்களின் அடியிலுள்ள வண்டலில் என்பதே என் விடை.

ஆயினும் வண்டலைப் பனியைப்போலவே வாசிக்க முற்படுவது பெரும் பிழையாகும். பனியில் உள்ள உலோகமெல்லாம் காற்று கொணர்ந்தது. வண்டலிலோ பெரும்பங்கு மழைநீர் அரித்துவந்த மண்ணினுடையது. ஆகவே ஈயத்தின் மொத்த அளவைக் கொள்ளாது, அலுமினியத்தோடு அதற்குள்ள விகிதம் நம் மண்ணின் இயற்கை விகிதத்தை எவ்வளவு விஞ்சுகிறதென்றே பார்த்தல் வேண்டும். ஈயத்தின் சமதானிகள் அதன் பிறப்பிடத்தைக் காட்டவல்லன. வயதை அறிவதற்கு, 22 ஆண்டளவு அரைவாழ்வுடைய ஈயம்-210உம், அணுகுண்டுப் பரிசோதனைகளால் 1963 அளவில் உச்சமுற்ற சீசியம்-137உம் துணைபுரியும்.

இடத்தேர்வில்தான் பெருங்கவனம் வேண்டும். ஆடி, ஆவணியில் வற்றி வெடித்து, மாடுகள் மிதித்துத் திரியும் அலைகரையில் படைகள் குழம்பிவிடும். துருசை அண்டிய, வரட்சியிலும் நீர் வற்றாத ஆழமே உகந்தது. யுத்தம் நடந்த பூமியில் ரவையும் எறிகணையும் விட்டுச்சென்ற உலோகத்தைக் காற்றின் கணக்கில் எழுதிவிடும் அபாயமும் உண்டு. வயல்களுக்கு இடும் பசளையிலுள்ள உலோகமும் அவ்வாறே கணக்கைப் பிழையாக்கும். எனவே மேற்புறத்தில் காடு சூழ்ந்த சிறுகுளமே காற்றிற்கு நல்ல சாட்சி.

ஆனால் இரணைமடுக் குளத்தையும் கைவிடலாகாது என்பேன். 1902இல் தொடங்கி 1920இல் முடிந்த அக்குளத்தின் வண்டல், ஈயம் கலந்த பெற்றோல் உலகில் முதன்முதல் விற்பனைக்கு வந்த 1923க்குச் சற்று முன்னரே படியத் தொடங்கியது. இலங்கை அப்பெற்றோலைக் கைவிட்ட 2002உம் அதற்குள்ளேயே அடங்குகிறது. கனகராயன் ஆறு கொணரும் மண் அதன் சாட்சியத்தை ஓரளவு கலக்குமாயினும், இத்துணைத் தெளிவான தொடக்கமுள்ள படிவு எளிதிற் கிடைப்பதன்று. சிறுகுளத்தின் தூய்மையையும் இரணைமடுவின் காலத்தெளிவையும் ஒன்றையொன்று சோதிக்க வைப்பதே சரியான முறை.

புனரமைப்பின்போது தூர்வாரி அகற்றப்படும் வண்டலோடு இவ்வேடும் அழிந்துபோகும். பின்னர் அதனை மீட்க வழியில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களும் வவுனியாப் பல்கலைக்கழகமும், எந்தக் குளத்திலேனும் மண் அள்ளும் இயந்திரம் இறங்குவதற்கு முன்னர், அதன் ஆழத்திலிருந்து ஒரு குழாய் வண்டலையாவது படை குலையாது எடுத்துப் பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகின்றேன்.