கட்டிலுக்கு அடியில் ஒரு சென்னைக்காரன்

போன எபிசோடில் பின்னாடி யாரோ குரைக்கிறாங்களேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அவன் பேரு கருப்பன். சென்னையில் ஒரு ஷெல்டரில் இருந்து தத்தெடுத்தேன். மறுவாரமே ஒர்க் ஃப்ரம் ஹோம் கிடைக்க, லேப்டாப்போட சேர்த்து அவனையும் திட்டக்குடிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.

வந்த ராத்திரி கட்டிலுக்கு அடியில் போனவன் வெளியே வரலை. தயிர் சோறு வெச்சேன், தொடலை. பெரியப்பா எட்டிப் பார்த்துட்டு, "தெரு நாயக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள வெச்சிருக்கியே, புள்ளைங்கள கடிச்சா யாருடா பதில் சொல்றது?" என்றார். அவர் பயத்தைச் சிரிச்சுத் தள்ள முடியாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்துட்டா, அநேகமா யாரும் பிழைக்கிறதில்லை.

அந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கு. மெட்ராஸ் மாநகராட்சி 1860-லேயே தெரு நாய்களைப் பிடிச்சுக் கொல்ல ஆரம்பிச்சுது. பிற்காலத்தில் மின்சாரம் வெச்சும் கொன்னாங்க.

1959-ல் பெரிய மழை. தி.நகர் பக்கம் தேங்கின வெள்ளத்தில் நாய்க்குட்டிகள் தத்தளிக்கிறதை வி. சுந்தரம்னு ஒரு விமானி பார்த்தார். தூக்கி வீட்டுக்குக் கொண்டு போனார். மனைவி உஷாவும் விமானிதான். (அந்தக் காலத்துல! அவங்களுக்கே தனி எபிசோட் போடணும்.) 'ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா' அந்தக் குடும்பத்தில் இருந்துதான் கிளம்புச்சு.

1964-ல் ப்ளூ கிராஸ் மாநகராட்சிகிட்ட ஒரு யோசனை சொல்லுச்சு. கொல்ல வேணாம், கருத்தடை பண்ணி, ரேபிஸ் ஊசி போட்டு, பிடிச்ச இடத்திலேயே விட்டுடுங்க. யாரும் காதுல போட்டுக்கலை. சுந்தரத்தோட மகன் சின்னி கிருஷ்ணா, நம்மள மாதிரி இன்ஜினியர். அவர் எடுத்துக்காட்டின கணக்குப்படி, ஆரம்பத்தில் நாளுக்கு ஒண்ணுகூட இல்லாத கொலை, 1990-களில் நாளுக்கு 135 வரை போயிருக்கு. நூறு வருஷத்துக்கு மேல கொன்னும் நாய் குறையலைன்னா, வழியே தப்புன்னுதானே அர்த்தம்? மெமரி லீக்கைத் தேடாம தினமும் சர்வரை ரீஸ்டார்ட் பண்றோமே, அதே கதை. ஒரு தெருவில் நாயைத் தூக்கினா, அங்கே சோறும் குப்பையும் அப்படியே இருக்கு. பக்கத்துத் தெரு நாய் வந்து உக்காந்துக்கும்.

1996-ல்தான் சென்னை கொலையை நிறுத்திட்டு கருத்தடைக்கு மாறுச்சு. யோசனை சொல்லி 32 வருஷம் கழிச்சு! 2001-ல் மத்திய அரசு இதை நாடு முழுக்க விதியாக்குச்சு. 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பதினோரு நாளில் அதைத் திருத்தி, ரேபிஸ் உள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர மத்ததை ஊசி போட்டுப் பழைய இடத்திலேயே விடச் சொன்னதும் இந்த வழியில்தான்.

'பழைய இடத்திலேயே'. இதைப் படிச்சப்போதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. நாய்க்கு அதோட இடம்தான் உலகம். நான் கருப்பனோட உலகத்தையே பிடுங்கிட்டு வந்து, ஏன்டா சாப்பிடலைன்னு கேட்டுட்டு இருக்கேன்.

அப்புறம் அவனைக் கூப்பிடுறதை நிறுத்தினேன். குளிப்பாட்டலை, சொந்தக்காரங்களுக்குக் காட்டலை. ஷெல்டரில் அவன் படுத்திருந்த பழைய துணியைக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். நேரம் தவறாம சோறு வெச்சுட்டு, அவனைப் பார்க்காம தரையில் உக்காந்து கோட் அடிச்சேன். வெளியே போனா கண்டிப்பா கயிறு; புது ஊரில் நாய் தொலையறது அதிகமும் முதல் நாட்களில்தான். மூணு நாள் பயம், மூணு வாரம் பழக்கம், மூணு மாசத்தில் வீடுன்னு நாய் வளர்க்கிறவங்க ஒரு கணக்கு சொல்வாங்க. கருப்பனுக்கு அந்த முதல் மூணு நாள் ஒன்பது நாளா இழுத்துச்சு. பத்தாவது நாள் என் சட்னித் தட்டை நக்கினான்.

பெரியப்பாகிட்ட ஊசி போட்ட அட்டையைக் காட்டினேன். கண்ணாடி போட்டுத் தேதியெல்லாம் படிச்சார். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒண்ணில், வீரனோட கூடவே அவன் நாயும் பேரோட இருக்குன்னு சொன்னேன். "அந்த நாய் என்னா பண்ணுச்சு?" "திருடனைக் கடிச்சுது பெரியப்பா." "இது கட்டிலுக்கு அடியில இல்ல கெடக்குது."

அடுப்படிக்குள்ள இன்னும் அனுமதி இல்லை. ஆனா இந்த வாரம் ரெண்டு சாயங்காலம், நான் மீட்டிங்கில் இருந்தப்போ, வெள்ளாத்துப் பக்கம் கயிறைப் பிடிச்சுட்டுப் போனது அவர்தான்.