பத்து டிகிரி தந்த ஒரு இரவு

பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்கு அலெக்சி கரேல் பழகிய பெயர். இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக 1912இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு மருத்துவர். உறுப்பை உடலுக்கு வெளியே உயிரோடு வைக்க, விமானி லிண்ட்பெர்க் உதவியுடன் 1935இல் கண்ணாடிப் பம்பு ஒன்றை உருவாக்கினார்.

நுரையீரல் விஷயத்தில் அந்தக் கனவு பலிக்க வெகுகாலம் ஆயிற்று. 1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனிதருக்கு நுரையீரல் மாற்றினார். நோயாளி 18 நாட்களே உயிரோடிருந்தார். 1983இல் கனடாவின் டொரோண்டோவில் டாக்டர் ஜோயல் கூப்பர் செய்ததுதான் நீண்டநாள் நிலைத்த முதல் வெற்றி.

தானமாக வந்த நுரையீரலைக் குளிர்ந்த திரவத்தால் அலசி, பிராணவாயு நிரப்பி, ஐஸ் பெட்டியில் சுமார் 4 டிகிரியில் வைப்பது வழக்கம். குளிரில் செல்லின் பசி அடங்கும். ஆனால் கடுங்குளிர், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் வாட்டும். கெடு ஆறு முதல் எட்டு மணி நேரம். நள்ளிரவானாலும் மருத்துவர்கள் ஓடியாக வேண்டும்.

2000இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஸ்டீக் ஸ்டேன், நுரையீரலை வெளியே பம்பில் இயக்கிச் சோதித்தபின் பொருத்தினார். டொரோண்டோவில் ஷாஃப் கெஷவ்ஜி குழு அம்முறையை வளர்த்தது. சந்தேகத்தால் ஒதுக்கப்பட்டிருக்கும் நுரையீரல்களும் அதனால் பயன்பட்டன.

அதே டொரோண்டோவில், பன்றி நுரையீரல்களை 10 டிகிரியில் 36 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். ஐஸில் வைத்தவற்றைவிட அவை நன்றாக வேலை செய்தன. 2021இல் வெளியான அந்த ஆய்விலேயே, இப்படி வைத்த நுரையீரல்கள் ஐந்து நோயாளிகளுக்கும் பொருத்தப்பட்டன.

வித்தியாசம் ஆறே டிகிரி. இரவில் வந்த தானத்தை, தூங்கி எழுந்த கைகள் காலையில் தைக்கலாம். கொடுத்தவரின் குடும்பத்துக்கு நாம் காட்டக்கூடிய மரியாதையும், அந்தக் கொடை வீணாகாமல் பார்ப்பதுதானே!