செவ்வாய் வீட்டுக்குப் பனிச்சுவர்

செவ்வாய்க்குப் போகும் முதல் மனிதர்களுக்காக நாசா யோசித்த வீடுகளில் ஒன்றுக்குச் சுவரே பனிக்கட்டிதான். கேட்பதற்குப் புத்தம்புதிய கற்பனைபோல இருக்கும். ஆனால் அந்தச் சுவருக்கு நீண்ட பூர்வீகம் உண்டு. அதன் ஒரு கிளை சென்னை மெரினா வரை வந்திருக்கிறது.

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்கள், காற்றில் இறுகிய பனியைக் கத்தியால் கட்டி கட்டியாக அறுத்து, சுழன்றேறும் வரிசையாக அடுக்கி இக்ளூ கட்டினார்கள். பனிக்குள் அகப்பட்ட காற்று வெப்பத்தை வெளியே விடாது. சீல் கொழுப்பில் எரியும் விளக்கு ஒன்று போதும். அறையும் சூடாகும், இறைச்சியும் வேகும், குடிக்கத் தண்ணீரும் உருகும். சுவர், அடுப்பு, தண்ணீர் மூன்றையும் ஒன்றாக யோசித்த அந்த அறிவு இந்தக் கதை முழுக்கத் தொடர்கிறது.

அடுத்து வருபவர் ஒரு வியாபாரி. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டூடர் 1806இல் கரீபியத் தீவான மார்டினிக்குக்குக் கப்பல் நிறையப் பனிக்கட்டி அனுப்பினார். இறக்கி வைக்கக் கிடங்கு இல்லாமல் அது உருகியது, பணமும் போனது. ஆனாலும் அவர் விடவில்லை. நத்தானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுக்கருவியைச் செய்தார். ஒரே அளவில் வெட்டிய கட்டிகளை இடைவெளியில்லாமல் அடுக்கி, சுற்றிலும் மரத்தூள் கொட்டினால் உருகுவது வெகுவாகக் குறைந்தது. 1833இல் சுமார் 180 டன்னோடு புறப்பட்ட கப்பல், நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவில் ஏறக்குறைய 100 டன்னை இறக்கியது. லாபத்தைப் பார்த்துப் போட்டியாளர்களும் கிளம்பினார்கள். சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842இல் டூடரின் சரக்குக்காக எழுந்த கட்டடம்.

இரண்டாம் உலகப் போரில் பனிக்கட்டியும் மரமும் வேறுவிதமாகச் சேர்ந்தன. பனிக்கட்டியில் விமானந்தாங்கிக் கப்பல் கட்டலாம் என்றார் ஆங்கிலேயரான ஜெஃப்ரி பைக். தண்ணீரில் சுமார் 14 சதவீதம் மரக்கூழ் கலந்து உறையவைத்தால், சுத்தியலால் அடித்தாலும் எளிதில் சிதறாத பைக்ரீட் கிடைத்தது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெருட்ஸ், லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையின் குளிர் அறையில் இதை ரகசியமாகச் சோதித்தார். கனடாவின் பட்ரிசியா ஏரியில் ஒரு மாதிரிக் கப்பலும் மிதந்தது. திட்டம் அத்தோடு நின்றது.

பிறகு பனிப்போர். 1959இல் அமெரிக்க ராணுவம் கிரீன்லாந்தின் பனிப்படலத்துக்குள்ளேயே கேம்ப் செஞ்சுரி என்ற ஊரைத் தோண்டியது. சிறிய அணு உலை, சமையற்கூடம், 200 பேர் வரை தங்க இடம். பனியில் துளையிட்டுச் சூட்டைச் செலுத்தி, ஆழத்தில் ஒரு குளத்தை உருக்கி, அந்த நீரை மேலே இறைத்தார்கள். ராணுவப் பொறியாளர் ராட்ரிகஸின் பெயரால் ராட்வெல் எனப்படும் அந்த வகைக் கிணறுதான் இன்று தென்துருவ நிலையத்துக்குத் தண்ணீர் தருகிறது. செவ்வாய்க்கு அதே முறை ஒத்துவருமா என்று நாசா ஆராய்கிறது.

அங்கே தோண்டப் பனிக்கட்டி இருக்கிறது. 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் மண்ணைச் சுரண்டியதும் வெளிப்பட்ட வெள்ளைத் துண்டுகள் சில நாளில் ஆவியாகி மறைந்தன. ஆகவே செவ்வாயில் பனிச்சுவரை உறை போட்டு மூட வேண்டும். 2015இல் நாசாவின் போட்டியில் முதற்பரிசு பெற்ற மார்ஸ் ஐஸ் ஹவுஸும், பின்னர் லாங்லி ஆய்வு மையம் வரைந்த ஐஸ் ஹோமும் அப்படித்தான் அமைந்தன. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் விண்வெளிக் கதிர்வீச்சைத் தடுக்கும். வெளிச்சமோ உள்ளே வரும். மண்ணுக்கடியில் பதுங்கி வாழ்வதைவிட இது மனிதருக்கு எவ்வளவோ மேல்.

சாப்பாட்டுக்கும் நீர்தான் ஆதாரம். இரவுக் குளிரில் உருளைக்கிழங்கை உறையவைத்து, மிதித்து நீர் போக்கி, வெயிலில் காயவைத்துச் சூன்யோ செய்தார்கள் ஆண்டிஸ் மலை மக்கள். அந்த யுக்தியின் நவீன வாரிசான பொட்டல உணவு செவ்வாய்ப் பயணத்துக்கு ஐந்தாண்டு கெடாமல் இருந்தாக வேண்டும். அதற்குள் வைட்டமின் சி குறைந்துவிடும். ஆகவே அங்கேயே தண்ணீர் ஊற்றிக் கீரை வளர்த்தே ஆக வேண்டும். விண்வெளி நிலையத்தில் விளைந்த சிவப்பு லெட்யூஸை வீரர்கள் 2015 ஆகஸ்டில் சாப்பிட்டார்கள். அதே ஆண்டில் பரிசு வென்ற பனி வீட்டின் வரைபடத்திலும் தோட்டம் இருந்தது.

நாளுக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் கிடைத்தால் ஐஸ் ஹோமின் சுவர் நிரம்ப 400 நாள் ஆகும் என்பது லாங்லியின் கணக்கு. அதனால் மனிதர்கள் வருமுன்பே இயந்திரங்கள் வேலையைத் தொடங்க வேண்டும். ஊர் திரும்பும்போது சுவரின் நீரையே ராக்கெட் எரிபொருளாக மாற்றிக்கொள்ளலாம். அடுத்த குழுவுக்காகச் சுவரை மறுபடி நிரப்பலாம்.