குளிர்கால இறப்பும் கண்ணுக்குத் தப்பிய காரணியும்: ஜெர்மன் தேனீக் கண்காணிப்பு முடிவுகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

ஜெர்மன் தேனீக் கண்காணிப்புத் திட்டத்தின் முதல் நான்காண்டு முடிவுகள் 2010-இல் 'அபிடாலஜி' இதழில் வெளிவந்தன. தேனீ நலம் பற்றிய விவாதங்களில் அந்த அறிக்கை இன்றுவரை இறுதித் தீர்ப்பைப் போல மேற்கோள் காட்டப்படுகிறது. குளிர்காலத்தில் தேனீக் குடும்பங்கள் மடிவதோடு தொடர்புடையவை என அது கண்டவை நான்கு: வரோவா உண்ணியின் பெருக்கம், இலையுதிர்காலத்தில் காணும் சிறகுச் சிதைவு வைரஸ், கடும் வாத வைரஸ் ஆகியவற்றின் தொற்று, ராணித் தேனீயின் வயது, குளிருக்கு முன்பே குடும்பம் நலிந்திருத்தல். நோசீமா ஒட்டுண்ணிக்கோ பூச்சிக்கொல்லிகளுக்கோ விளைவு எதுவும் தென்படவில்லை என்றும் அது கூறியது. தேனீயைக் கொல்வது உண்ணிதான், வயலில் தெளிக்கும் மருந்து அன்று என்ற முடிவை ஆய்வாளருள் ஒரு சாரார் இதிலிருந்து எடுத்தனர். அந்த முடிவை இக்கட்டுரை மறுக்கிறது. அறிக்கையின் தரவுகளோடு எனக்குச் சச்சரவு இல்லை. அந்தத் தரவுகள் தாங்கக்கூடியதைவிடக் கனமான முடிவு அவற்றின்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். 2004 இலையுதிர்காலத்தில் தொடங்கிய இத்திட்டத்தில் சுமார் 120 தேனீ வளர்ப்போரின் 1200-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஆண்டுதோறும் பின்தொடரப்பட்டன. அந்த அளவில் அதற்கு ஒப்பான முயற்சிகள் அன்று அரிது. உண்ணி மிகுந்த குடும்பம் குளிரைத் தாண்டுவது கடினம் என்பதை அது ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. வரோவாவின் பங்கைக் குறைத்துச் சொல்லும் நோக்கம் இங்கே இல்லை. பூச்சிக்கொல்லியின் பங்கைப் பூஜ்யமாக்க இந்த ஆய்வு அமைப்பு போதுமா என்பது வேறு வினா.

அளவீட்டின் சமமின்மை

உண்ணி எண்ணிக்கையும் வைரஸ் தொற்றும் அந்தந்தக் குடும்பத்துத் தேனீக்களிலேயே அளக்கப்பட்டன. பூச்சிக்கொல்லியோ, தேனீக்கள் அடையறைகளில் அடைத்துப் பதப்படுத்திச் சேமிக்கும் மகரந்தத்தில் தேடப்பட்டது. அதற்கும் எடுத்துக்கொண்டவை இருநூற்றுச் சொச்சம் மாதிரிகளே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், நான்கு குளிர்காலங்கள் என்னும் பரப்போடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பூந்தேன், பருகும் நீர், காற்றில் மிதந்து வரும் தூசி ஆகிய மற்ற வழிகள் இந்த அளவீட்டுக்குள் வரவில்லை. நன்றாக அளக்கப்பட்ட காரணியையும் மேலோட்டமாக அளக்கப்பட்ட காரணியையும் ஒரே தராசில் வைத்தால் முன்னதுதான் வெல்லும். இது புள்ளியியலின் பாலபாடம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோதித்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் ஏதேனும் ஒரு வேதிப்பொருளின் எச்சம் இருந்தது. அப்படியானால் மருந்தே படாத குடும்பங்கள் என்ற ஒப்பீட்டுக் குழு நடைமுறையில் கிடைக்கவில்லை. கொஞ்சம் பட்டவையும் கூடுதலாகப் பட்டவையுமே ஒப்பிடப்பட்டன. போதாக்குறைக்கு, இயங்கும் முறையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, பூச்சிக்கொல்லி அனைத்தும் மேற்கோள்களில் 'பூச்சிக்கொல்லி' என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்து சேர்கின்றன.

எதை இழப்பு என்று எண்ணுகிறோம்?

திட்டம் கணக்கிட்ட முதன்மை விளைவு குளிர்கால இறப்பு. அது தேனீக் குடும்பத்துக்கு நேரும் பல தீங்குகளுள் ஒன்றுதான். 2008 வசந்தத்தில் ரைன் ஆற்றின் மேற்பகுதியை ஒட்டிய பாடன்-வூர்ட்டம்பெர்க் வட்டாரத்தில் நடந்ததை நினைவுகூரலாம். மக்காச்சோள விதைகளில் பூசியிருந்த குளோதியானிடின் என்னும் பூச்சிக்கொல்லி சரியாக ஒட்டாமல் உதிர்ந்தது. காற்றழுத்த விதைப்புக் கருவிகள் அதைத் தூசியாக வெளியேற்ற, அது பூத்திருந்த செடிகளிலும் மரங்களிலும் படிந்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. இறந்த தேனீக்களில் அந்த நஞ்சு இருப்பதை யூலியஸ் கூன் ஆய்வு நிறுவனம் உறுதிசெய்தது. அந்த மே மாதமே விதைப்பூச்சுகள் சிலவற்றின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது.

இத்தகைய தாக்குதலில் மடிபவை பெரும்பாலும் இரை தேடி வெளியே செல்லும் முதிர்ந்த பணித்தேனீக்கள். ராணி உயிரோடிருந்து கோடையில் மகரந்த வரத்தும் இருந்தால் குடும்பம் இலையுதிர்காலத்துக்குள் ஓரளவு தேறிவிடலாம். அப்படித் தேறிய குடும்பம் குளிர்காலக் கணக்கில் 'பிழைத்தது' என்றே பதிவாகும். கண்காணிப்பு நடந்துகொண்டிருந்த அதே நாட்டில், அதே ஆண்டுகளில் நேர்ந்த மாபெரும் நஞ்சேற்றம் கூட இந்த அளவுகோலின் கண்ணில் முழுமையாகப் படாது. தேறாத குடும்பம் 'இலையுதிர்காலத்திலேயே நலிந்தது' என்ற பத்தியில் சேரும். அந்த நலிவு ஒரு தனிக் காரணம் என்று எழுதப்படுகிறது. அது எதன் விளைவு என்ற வினா அங்கேயே நின்றுவிடுகிறது.

இடைநின்ற காரணி

என் மறுப்பின் மையம் இதுதான். ஊட்டமில்லாத குழந்தை தட்டம்மையில் இறந்தால் இறப்புப் பதிவேட்டில் தட்டம்மை என்றே எழுதுவர். அதைக் காட்டி ஊட்டக்குறைவுக்குப் பங்கில்லை என்று எந்த மருத்துவரும் வாதிடுவதில்லை. தேனீ விஷயத்தில் அந்த வாதம் தடையின்றி நடக்கிறது.

இத்தாலிய ஆய்வுக் குழு ஒன்று 2013-இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. கொல்லாத அளவு குளோதியானிடின், தேனீயின் நோயெதிர்ப்பு வினையைத் தூண்டும் சமிக்ஞைத் தொடரை ஒடுக்குகிறது. உடலில் ஏற்கெனவே அடங்கிக் கிடந்த சிறகுச் சிதைவு வைரஸ் அதனால் பெருகுகிறது. இமிடாகுளோபிரிடும் அவ்வாறே செய்தது. ஆர்கனோபாஸ்பேட் வகையான குளோர்பைரிபாஸ் செய்யவில்லை. எல்லா மருந்துகளையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த வழிமுறை வயலிலும் செயல்படுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது நஞ்சு, வைரஸ், இறப்பு என்பது ஒரே சங்கிலியின் மூன்று கண்ணிகள். ஜெர்மன் அறிக்கை முக்கியக் காரணமாகக் காட்டும் வைரஸ் அந்தச் சங்கிலியின் நடுக்கண்ணி. வைரஸ் அளவைச் சமன்செய்துவிட்டுப் பூச்சிக்கொல்லியின் விளைவைத் தேடினால் தேடும் பொருளையே நாம் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறோம். சமன்செய்யாமல் எச்சத்தையும் இறப்பையும் நேரடியாக ஒப்பிட்டால், இரண்டு படிகளைக் கடந்து வரும் விளைவு வழியிலேயே நீர்த்துப்போகிறது. அதைப் பிடிக்க இருநூற்றுச் சொச்சம் மாதிரிகள் போதா. எந்த வழியில் சென்றாலும் 'விளைவு தென்படவில்லை' என்ற விடையே கிடைக்கும். விளைவு இருந்தாலும் அதுவே கிடைக்கும். எச்சத்துக்கும் வைரஸ் அளவுக்கும் உள்ள உறவைத் தனியே சோதித்திருந்தால் மட்டுமே இந்த வினாவுக்குள் நுழைய முடியும்.

சங்கிலி எதிர்த்திசையிலும் ஓடுகிறது. வரோவா தேனீயின் குருதிநீரை உறிஞ்சுகிறது என்ற நெடுநாள் கொள்கையை 2019-இல் ஓர் அமெரிக்க ஆய்வு மாற்றியது: வளர்ந்த தேனீயில் உண்ணி உண்பது கொழுப்புத் திசுவை. கூட்டுப்புழுப் பருவத்தில் அது பெரிதும் குருதிநீரையே உண்கிறது என்று 2024-இல் ஒரு திருத்தம் வந்தது. திருத்தத்தை ஏற்றாலும் என் வாதம் தளரவில்லை. குளிர்காலத்தைக் கடப்பவை வளர்ந்த தேனீக்களே. நஞ்சை முறிக்கும் பணியில் பெரும்பங்கும், குளிர்காலத்துக்கான புரதச் சேமிப்பும் அவற்றின் கொழுப்புத் திசுவில்தான் நடக்கின்றன. அதை இழந்த தேனீ, மற்றதைவிடக் குறைந்த நஞ்சுக்கே பலியாகும் என எதிர்பார்ப்பது மிகையாகாது.

இதோடு தேனீ வளர்ப்போரின் கையையும் சேர்க்க வேண்டும். உண்ணியைக் கொல்லப் பெட்டிக்குள் வைக்கும் மருந்தும் ஒரு பூச்சிக்கொல்லியே. வட அமெரிக்கக் கூடுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், சோதித்த தேன்மெழுகு மாதிரிகளில் 98 விழுக்காட்டில் ஃபுளுவாலினேட், கூமபாஸ் என்னும் இவ்வகை மருந்துகளின் எச்சம் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தால் ஒன்றின் நச்சுத்தன்மையை மற்றொன்று கூட்டும் என்பதும் ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. நஞ்சை முறிக்கும் ஒரே நொதிக் குடும்பத்தை இரண்டும் சார்ந்திருப்பதே காரணம். உண்ணி மிகுந்த கூட்டில் மருந்தும் மிகும். இந்த நிலையில் 'உண்ணியா, மருந்தா?' என்ற இருமுனைக் கேள்வியே பொருளிழக்கிறது.

மறுப்புகள்

பூச்சிக்கொல்லியின் இந்தத் தீங்கை வயல் சோதனைகள் உறுதிசெய்யவில்லை என்பர். ஸ்வீடனில் குளோதியானிடின் பூசிய விதையில் விளைந்த கடுகின வயல்களில் காட்டுத் தேனீக்களும் வண்டுத் தேனீக்களும் பாதிக்கப்பட்டன, வளர்ப்புத் தேனீக் குடும்பங்களில் வேறுபாடு காணவில்லை என்று 2015-இல் வெளியானது உண்மை. ஆனால் 2017-இல் ஜெர்மனி, ஹங்கேரி, பிரிட்டன் என்னும் மூன்று நாடுகளில் 33 இடங்களில் நடந்த சோதனை வேறு படத்தைத் தந்தது. ஹங்கேரியில் குளோதியானிடின் வயல்களை ஒட்டிய குடும்பங்களில் அடுத்த வசந்தத்தில் பணித்தேனீக்கள் 24 விழுக்காடு குறைந்திருந்தன. ஜெர்மனியில் அத்தகைய தீங்கு காணவில்லை. ஜெர்மன் கூடுகளில் நோய் குறைவு, சுற்றிலும் பூக்களின் வகை மிகுதி என்பது ஆய்வாளர் முன்வைத்த விளக்கம். இதை 'முரண்பட்ட முடிவு' என்று ஒதுக்குவோர் அதன் பொருளைத் தவறவிடுகின்றனர். ஒரே நஞ்சு, கூட்டின் நோய்நிலைக்கும் உணவுக்கும் ஏற்ப வேறுபட்ட விளைவைத் தரும் என்பதே அதில் கண்ட செய்தி.

ஆஸ்திரேலியாவில் குளோதியானிடின் போன்ற நியோநிகோட்டினாய்டுகள் பயன்பட்டும் தேனீக்கள் நலமாக இருந்தனவே என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அங்கே 2022 ஜூன் வரை வரோவா இல்லை. இரண்டு சுமைகளுள் ஒன்று இல்லாத இடத்தில் கூட்டுவிளைவு தெரியவில்லை என்பது கூட்டுவிளைவுக்கு எதிரான சான்று ஆகாது. கண்காணிப்புத் திட்டத்துக்கு வேதித் தொழில்துறையும் பணம் அளித்தது என்று சிலர் குறை கூறுவது என் வாதத்துக்குத் தேவையற்றது. யார் பணம் தந்திருந்தாலும் இந்த ஆய்வு அமைப்பு இதே விடையைத்தான் தந்திருக்கும்.

உண்ணிதான் கொல்கிறது என்ற முடிவை அப்படியே இந்தியச் சூழலுக்குக் கொண்டுவருவோருக்கும் ஒரு சொல். நம் இந்தியத் தேனீ வரோவாவின் பழைய விருந்தோம்பி. அதன் கூட்டில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளிலேயே பெருகுகிறது. 1991–92-இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்தது தாய்லாந்துப் பைப்புழு நோய் வைரஸ்; அதில் வரோவாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. குளிர்காலமே இல்லாத, தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டத்துக்குக் குளிர்கால இறப்பை அளவுகோலாக்குவதும் பொருந்தாது. இங்கே பூச்சிக்கொல்லியின் பங்கை அறிய, ஒவ்வொரு குடும்பத்திலும் எச்சத்தையும் வைரஸ் அளவையும் ஒரே காலத்தில் அளந்து, ஆண்டு முழுவதும் குடும்பத்தின் வலுவைப் பதிவுசெய்யும் ஆய்வு வேண்டும். அதுவரை 2010 அறிக்கையை வரோவாவுக்கு எதிரான சான்றாக மேற்கோள் காட்டலாம். பூச்சிக்கொல்லிக்கு அளித்த விடுதலைப் பத்திரமாகக் காட்டுவதற்கு அதில் இடமில்லை.