கென்யாவின் தேயிலையும் சிறு உழவரும்

மாணவ நண்பர்களே, உலக வாணிகம் என்றவுடன் பெருங்கப்பல்களும் துறைமுகங்களும் செல்வம் மிகுந்த கம்பெனிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் நான். மிளகும் பட்டும் பருத்தியும் கடல் கடந்து சென்ற வழிகளை வகுப்பறைப் படத்தில் பல முறை கோடிட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தக் கோடு ஒவ்வொன்றும் யாரோ ஓர் உழவரின் நிலத்தில்தான் தொடங்குகிறது. அந்த உழவருக்கு வாணிகத்தால் கிடைத்தது என்ன? இக்கேள்விக்கு விடை காண உதவும் ஒரு வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது கென்யா நாட்டுத் தேயிலையின் வரலாறு.

கென்யா, கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலநடுக்கோட்டின் மேல் அமைந்த நாடு. அதன் மேட்டு நிலங்கள் நம் நீலகிரியைப் போலவே குளிர்ச்சியும் மழை வளமும் உடையவை. 1903ஆம் ஆண்டில் லிமுரு என்னும் இடத்தில் தேயிலை முதன்முதலாக நடப்பட்டது. 1920களில் கெரிச்சோ பகுதியில் புரூக் பாண்ட், ஜேம்ஸ் பின்லே ஆகிய பிரிட்டிஷ் கம்பெனிகள் பெருந்தோட்டங்களை அமைத்தன. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நம் தமிழ் மக்கள் உழைத்த தோட்டங்களைப் போன்றவையே அவையும். நிலமும் ஆலையும் லாபமும் கம்பெனிக்கு. கூலி மட்டுமே உழைப்பவருக்கு.

ஆப்பிரிக்க உழவர் தம் சொந்த நிலத்தில் தேயிலை பயிரிட முடியாதபடி காலனி ஆட்சி நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது. பயிரின் தரம் கெட்டுவிடும், நோய் பரவிவிடும் என்பவை வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணங்கள். தம் நிலத்திலேயே பணம் கண்டவர் பிறர் தோட்டத்துக்குக் கூலிக்கு வருவாரா என்னும் அச்சமும் அதன் பின்னே இருந்தது. 1952இல் நில உரிமையின் பொருட்டு மூண்ட கிளர்ச்சி அந்த ஆட்சியை உலுக்கியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரே, 1954இல், சுவின்னர்ட்டன் திட்டம் என்னும் வேளாண்மைத் திட்டம் வகுக்கப்பட்டது. ஆப்பிரிக்க உழவர் பணப்பயிர்களைப் பரவலாகப் பயிரிட அதுவே வழி திறந்தது.

ஆனால் தடை நீங்கியதும் வாணிகம் கைகூடிவிடுமா? நெல்லை அறுத்துக் குதிரில் கொட்டி, நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். தேயிலைக் கொழுந்து அவ்வாறு காத்திராது. பறித்த அன்றே அது ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்தைப் பக்குவம் செய்தால் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் ஆலை கட்டுவது எங்ஙனம்? மழையில் சேறாகும் பாதையில் லாரி வருவது எங்ஙனம்? ஏலத்தில் தேயிலை வாங்கும் வணிகரை அவர் அறிவது எங்ஙனம்? அவரிடம் இருந்தவை நிலமும் உழைப்பும் மட்டுமே.

இங்கேதான் கூட்டுமுயற்சி பிறந்தது. 1960இல் இதற்கெனத் தனி அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. 1963இல் நாடு விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டில் அவ்வமைப்பு, கென்யா தேயிலை வளர்ச்சி ஆணையம் என்னும் பெயருடன் விரிவு பெற்றது. வேலைகள் தெளிவாகப் பங்கிடப்பட்டன. ஆணையம் நாற்றுகளைக் கடனாகக் கொடுத்தது. பயிர் முறையைக் கற்பிக்க அலுவலர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியது. கொழுந்து வாங்கும் நிலையங்களை அமைத்தது. அரசாங்கம் தேயிலைப் பகுதிகளில் சாலைகளை மேம்படுத்தியது. உலக வங்கியும் காமன்வெல்த் வளர்ச்சிக் கழகமும் கடன் கொடுத்தன. ஆலையை நடத்தும் திறமையும் சந்தையைப் பற்றிய அறிவும் தனியார் தேயிலைக் கம்பெனிகளிடம் இருந்தன. அவை ஆலைகளில் ஓரளவு பங்கு பெற்று, கட்டணத்துக்கு நிர்வாகத்தை ஏற்றுத் தேயிலையை விற்றும் கொடுத்தன.

உழவருடைய பங்கும் எளிதன்று. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்னும் விதியில் அவர்கள் வழுவக்கூடாது. முற்றிய இலை கலந்திருந்தால் நிலையத்திலேயே அது தள்ளப்படும். சிறு உழவரால் தரம் கெடும் என்று முன்பு சொன்னவர்களுக்கு அந்தக் கூடைகளே விடை கூறின. சிறு உழவரின் தேயிலை ஏலத்தில் நல்ல விலை பெற்றது.

இவ்வளவோடு நின்றிருந்தால், கொழுந்து கொடுப்பவர் ஒருவர், லாபம் பெறுபவர் வேறொருவர் என்னும் பழைய கதையே தொடர்ந்திருக்கும். நான் முக்கியமாகக் கருதுவது அடுத்து நடந்ததைத்தான். கொழுந்துக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கப்பட்டது. ஆண்டின் இறுதியில், தேயிலை விற்ற பணத்தில் செலவு போக எஞ்சியதிலிருந்து இரண்டாவது தொகையும் கொடுக்கப்பட்டது. உலகச் சந்தையில் விலை ஏறினால் அந்த ஏற்றம் கிராமத்து வீட்டையும் எட்டியது. 1970களில் ஆணையமே ஆலைகளின் நிர்வாகத்தை ஏற்கத் தொடங்கியது. ஆலைப் பங்குகள் படிப்படியாக உழவர் கைக்கு வந்தன. 2000ஆம் ஆண்டில் அரசாங்கமும் விலகிக்கொள்ள, ஆணையம் உழவரின் ஆலைக் கம்பெனிகளுக்குச் சொந்தமான நிறுவனமாயிற்று. இன்று அதன் கீழ் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு உழவர்கள் இருக்கின்றனர். நாட்டின் தேயிலையில் பாதிக்கும் மேலான பகுதி அவர்களுடையது. உலகில் மிக அதிகமாகக் கருந்தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடு கென்யாவே.

இதில் குறைகள் இல்லையென்று நான் சொல்லவில்லை. நிர்வாகச் செலவு மிகுதி, பணம் தாமதமாக வருகிறது, உரிமையாளர் பேச்சு எடுபடவில்லை என்று உழவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டனர். இவற்றைச் சீர்செய்யும் பொருட்டு 2020இல் புதிய தேயிலைச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நாட்டுத் தேயிலையில் பெரும்பகுதி இன்னும் மொத்தச் சரக்காகவே மொம்பாசா துறைமுகத்திலிருந்து செல்கிறது. பிற நாட்டில் கலந்து, பெட்டியில் அடைத்து, பெயர் சூட்டி விற்பவர்களுக்கே அந்த மேல் லாபம் சேருகிறது. ஒரு படி ஏறியவர்களுக்கு அடுத்த படி காத்திருக்கிறது.

வளரும் நாடுகள் உலக வாணிகத்தால் பயன் பெற அரசும் தனியாரும் கைகோக்க வேண்டும் என்னும் கருத்து இக்காலத்தில் மிகுதியாகப் பேசப்படுகிறது. 2013இல் பாலித் தீவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் மாநாடு, சுங்கச் சாவடிகளில் சரக்கு தேங்காமல் செல்ல வழிசெய்யும் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அது 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதை நிறைவேற்ற ஏழை நாடுகளுக்கு உதவும் பொருட்டு, அரசாங்கங்களும் வணிக நிறுவனங்களும் சேர்ந்த கூட்டணி ஒன்று 2015இல் தொடங்கப்பட்டது. துறைமுகத்தில் ஒரு நாள் மிச்சமானால் செலவு குறையும், நல்லதே. ஆனால் மிச்சமான பணம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. கம்பெனிக்கு மூலதனம் உண்டு. இரண்டும் இல்லாத மூன்றாமவர் ஒருவர் இந்தக் கூட்டில் எப்போதும் இருக்கிறார். கொழுந்து பறிப்பவர் அவர். வேறு நாடுகளில் பருத்தி பறிப்பவர், மீன் பிடிப்பவர். கணக்கைப் பார்க்கும் உரிமையும் ஆலையில் பங்கும் அவருக்கு உண்டா? இனி ஒரு கூட்டுமுயற்சியைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும்போது, மாணவர்களே, கையொப்பமிட்ட இருவரின் பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். அந்த மூன்றாமவரைத் தேடுங்கள். அவருடைய நிலை உயர்ந்திருந்தால் அந்த வாணிகம் நாட்டுக்கு நன்மை செய்தது என்று துணிந்து கூறலாம்.